மூணு பிரி கயிறும் கங்காரு வாலும்

பொங்கலுக்கு அக்கா குடும்பம் ஊருக்கு வந்திருந்தது. ஊர்னா தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல, பாபநாசத்துல இறங்கி டவுன் பஸ் பிடிக்கணும். அக்கா பொண்ணு ஒரு பல்கலைக்கழகத்துல பிஎச்.டி. பண்ணிக்கிட்டிருக்கா. செல் மெக்கானிக்ஸ் லேப். கூடத்துல உக்காந்து கரும்பு கடிச்சுக்கிட்டிருந்தவளைப் பாத்து எங்கம்மா கேட்டாங்க.

"பாப்பா, அங்க என்ன வேலைதான் பாக்குற?"

"செல்லை ஆராய்ச்சி பண்றோம் அம்மாச்சி. அது எவ்வளவு கெட்டியா இருக்கு, எவ்வளவு பலமா இழுக்குதுன்னு அளக்குறோம்."

"செல்லு ரிப்பேரா? அதுக்கா இம்புட்டுப் படிச்ச? பாபநாசம் கடைத்தெருவுல நாலு பயலுவ அதைத்தானே பண்றானுவ!"

வீடே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. ஆனா ராத்திரி திண்ணையில வந்து பக்கத்துல உக்காந்தப்ப மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு.

"மாமா, விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்."

உதவித்தொகை நாலு மாசமா வரலையாம். எந்தப் பல்கலைக்கழகம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பணத்தைவிட இன்னொண்ணுதான் அவளை அரிச்சுக்கிட்டிருந்தது. ரெண்டு வருஷம் ராத்திரி பகலா அளந்து எடுத்த கணக்கு ஒரு கட்டுரையா வரப் போகுது. ஆறு பேர் பேர்ல அவ பேரு நாலாவது. "யாரு மாமா நாலாவது பேரைப் படிப்பாங்க? எல்லாரும் சார் பேரைத்தான் சொல்லுவாங்க."

நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படிச்சுட்டு பேங்க்ல நோட்டு எண்ணினவன். அவளுக்குப் புத்தி சொல்ற தகுதி எனக்கில்லை. ஒரு கதைதான் தெரியும், அதைச் சொன்னேன். அன்னிக்கு அரைகுறையா சொன்னதை இங்க ஒழுங்கா எழுதி வைக்கிறேன். விஷயம் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா தலையில குட்டலாம் :-)

செல்லுக்கு என்னய்யா மெக்கானிக்ஸ்?

முதல்ல இதை முடிச்சுடுவோம். பள்ளிக்கூடத்துல நமக்குச் சொல்லிக் கொடுத்த செல், பொரிச்ச முட்டை மாதிரி ஒரு வட்டம், நடுவுல ஒரு புள்ளி. அது சும்மா மிதக்கிற சமாச்சாரம்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். உண்மையில அது இழுக்கும், தள்ளும், தான் நிக்கிற தரையைக் காலால அழுத்திப் பாக்கும். 1980-ல் ஆல்பர்ட் ஹாரிஸ் என்பவரும் கூட வேலை பார்த்தவர்களும் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் ஏட்டின் மேல் செல்களை விட்டுப் பார்த்தார்கள். செல் நகர நகர ரப்பர் சுருங்கி மடிப்பு விழுந்தது. பாயை இழுத்தா சுருக்கம் விழுமே, அந்த மாதிரி. ஒரு ஒத்தைச் செல்லுக்கு அவ்வளவு பலம்!

2006-ல் அமெரிக்காவில் டெனிஸ் டிஷர் குழு இன்னும் ஒரு படி போச்சு. ஒரே மாதிரியான குருத்தணுக்களை வெவ்வேறு விறைப்பு உள்ள கூழ்மேல் வளர்த்தார்கள். மூளை மாதிரி மெத்துனு இருந்த தரையில் வளர்ந்தவை நரம்புச் செல் சாயலுக்குப் போயின. தசை அளவு விறைப்பில் தசைச் சாயல். இன்னும் கெட்டியான தரையில் எலும்புச் சாயல். களிமண்ணுல நெல்லு, மணல்ல கடலைன்னு நம்ம ஊர்ல சொல்றாப்ல, தரை எப்படியோ பயிர் அப்படி. அந்தக் கூழின் மேல் செல் கால் ஊன்றிக்கொள்ளப் பூசியிருந்த பொருள் கொல்லாஜன்.

அக்கா பொண்ணும் அதைத்தான் சொன்னா. "எலி வால்லேர்ந்து எடுத்த கொல்லாஜன் பாட்டில்ல வரும் மாமா. அது இல்லாம எங்க லேப்ல ஒரு வேலையும் ஓடாது." எலி வால்னு அவ சொன்னதும் எனக்குக் கங்காரு வால் ஞாபகம் வந்துடுச்சு. கதை அங்கேர்ந்துதான் ஆரம்பம்.

காவிரிக்கரையிலிருந்து கிண்டிக்கு

கொல்லாஜன் என்பது நம் உடம்பின் கயிறு. தோல், எலும்பு, தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண், குருத்தெலும்பு, எல்லாத்துலயும் அதுதான். உடம்புல இருக்கிற புரதத்துல கால்வாசியிலிருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் இது ஒண்ணே. இந்தக் கயிறு எப்படித் திரிக்கப்பட்டிருக்கு என்பதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்ன இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். வருஷம் 1954, 1955.

அந்த லேபின் தலைவர் ஜி. என். ராமச்சந்திரன். 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணக்கு வாத்தியார். பையன் பட்டப்படிப்புக்கு வந்தது நம்ம காவிரிக்கரைக்கு, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு. அந்தக் கல்லூரிக்கே ஒரு டெல்டா பூர்வீகம் உண்டு. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல்தான் திருச்சிக்கு மாறியது. ராமச்சந்திரன் அங்கே பௌதிக ஆனர்ஸ் முடித்தது 1942-ல்.

அங்கிருந்து பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம். சேர்ந்தது மின்பொறியியலில். அங்கே பௌதிகத்துறையில் சர் சி. வி. ராமன் இருக்கிறார், அவரும் காவிரிக்காரர், 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். பையனைப் பார்த்ததும் பௌதிகத்துக்கு இழுத்துக்கொண்டார். படிகங்கள், எக்ஸ்ரே என்று ஓடிய வேலை, பிறகு கேம்பிரிட்ஜ் போய் 1949-ல் இன்னொரு டாக்டர் பட்டம்.

அப்போ சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். பௌதிகத்துறையை எடுத்து நடத்த ராமனைக் கூப்பிட்டார். ராமன், நான் வரலை, இந்தப் பையனை வச்சுக்குங்கன்னு ராமச்சந்திரனைக் கைகாட்டினார். 1952-ல் ஏறக்குறைய முப்பது வயசுல பேராசிரியர், துறைத்தலைவர். இன்னிக்கு அந்த வயசுல நம்ம பிள்ளைங்க ஃபெல்லோஷிப் எப்ப வரும்னு திண்ணையில உக்காந்து யோசிக்குதுங்க. சரி, அதை விடுங்க.

கங்காரு வால் எப்படி வந்துச்சு?

லேப் ஆரம்பிச்சாச்சு. எந்தக் கேள்வியை எடுக்கிறது? அந்தச் சமயத்தில் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். எக்ஸ்ரே வைத்து உயிர்ப் பொருட்களைப் பார்ப்பதில் முன்னோடி. பேச்சுவாக்கில், கொல்லாஜன் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடலை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். 1948-ல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குக் கூப்பிடு தூரம். தோல்னா கொல்லாஜன், கொல்லாஜன்னா தோல். மாதிரி கேட்டுப் போனதில் அங்கே கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். இழைகள் ஒரே சீராக ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கிற சரக்கு, எக்ஸ்ரே படத்துக்கு அருமையானது. பக்கத்து வீட்டுல காப்பித்தூள் கடன் வாங்கப் போயி விருந்தே கிடைச்ச கதை!

அந்தத் தசைநாணைக் கருவியில் வைத்து எக்ஸ்ரே படம் எடுத்தவர், புள்ளிகளை அளந்தவர், கணக்குப் போட்டவர் கோபிநாத் கர்த்தா. கேரளத்துக்காரர். ராமச்சந்திரனோடு கிண்டியில் வேலை பார்த்த இளம் ஆய்வாளர். நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்? எனக்கும் நாப்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது.

எங்கப்பா திரிச்ச கயிறு

இப்போ கொஞ்சம் கொசுவத்தி.

எங்கப்பா தேங்காய் நார்ல கயிறு திரிப்பார். கடையில விக்கிறதெல்லாம் கயிறா என்பது அவர் கட்சி. மாட்டைக் கட்டுற கயிறு அவர் கையால திரிச்சதா இருக்கணும். ஒரு பிரியைத் தனியா ஒரு பக்கமா முறுக்குவார். அந்த மாதிரி மூணு பிரி. அப்புறம் மூணையும் சேர்த்து முறுக்கும்போது எதிர்ப்பக்கமா முறுக்குவார். ஏம்ப்பான்னு கேட்டேன். "ஒரே பக்கம் முறுக்கினா பிரிஞ்சுடும்டா. பிரி ஒரு பக்கம் பிரியப் பாக்கும், கயிறு இன்னொரு பக்கம் பிரியப் பாக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும்." அவ்ளோதான் விளக்கம். ஏழாங்கிளாஸ் படிச்ச மனுஷன்.

கொல்லாஜன் அப்படியேதான் இருக்கு, மக்களே. மூணு புரத இழை. ஒவ்வொரு இழையும் தனித்தனியா இடப்பக்கம் சுருண்டிருக்கும். மூணும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த முறுக்கின் தடிமன் ஒன்றரை நானோமீட்டர், நீளம் ஏறக்குறைய 300 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள்ள மூவாயிரத்துக்கும் மேல வரிசையா படுக்க வைக்கலாம். முதல்முறை இதைப் படிச்சப்ப அப்பா உயிரோட இல்லை. இருந்திருந்தா "இதுல என்னடா அதிசயம்"னு கேட்டிருப்பார்.

கிண்டியில் அவர்கள் இதை ஒரே நாளில் பிடித்துவிடவில்லை. கொல்லாஜனில் மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின் என்ற பொடிசு. மிச்ச இடங்களில் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற மடங்க மறுக்கும் ஆசாமிகள் நிறைய. மூணுக்கு ஒண்ணு என்ற கணக்கு வந்ததும், மூணு இழை பக்கத்துல பக்கத்துல நிக்குது, நடுவுல இடம் ரொம்பக் குறைச்சல், அந்த நடுவுல பொடிசு கிளைசினால மட்டும்தான் உக்கார முடியும் என்று யோசித்தார்கள். 1954 ஆகஸ்டில் ராமச்சந்திரன், கர்த்தா ரெண்டு பேர் பேரிலும் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அந்த முதல் மாதிரியில் இழைகள் சேர்ந்து நின்றன, ஆனால் ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொள்ளவில்லை.

எக்ஸ்ரே படத்தோடு இன்னும் நன்றாகப் பொருந்த வேண்டும் என்று மறுபடி உட்கார்ந்தார்கள். இழை மற்ற ரெண்டையும் சுற்றிச் சுற்றிப் போகணும், ஆனா கிளைசின் இருக்கிற பக்கம் எப்பவும் உள்ளே பார்த்தே இருக்கணும். எப்படி? நிலா பூமியைச் சுத்துது, ஆனா ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுது. அந்த நிலாதான் வழி காட்டியது என்று ராமச்சந்திரன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1955 செப்டம்பரில் ரெண்டாவது கட்டுரை. முறுக்கேறிய மூணு பிரி கயிறு பிறந்தது.

கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குட்டு

இதோட சுபம் போட்டிருந்தா இது நல்ல கதை, ஆனா நான் அவளுக்குச் சொல்ல நினைச்ச கதை இல்லை.

சில வாரங்களில், அதே 1955 நவம்பரில், அதே 'நேச்சரில்' இன்னொரு கட்டுரை. எழுதியவர்கள் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக். ஆமா, டி.என்.ஏ. கிரிக்தான். மூணு இழை, முறுக்கு எல்லாம் சரி. ஆனா சென்னைக்காரர்கள் சொன்ன அமைப்பில் சில அணுக்கள் நெருங்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிக்குது, ஹைட்ரஜன் பிணைப்பு மூணு அமினோ அமிலத்துக்கு ரெண்டு இருக்க முடியாது, ஒண்ணுதான் இருக்க முடியும் என்றது அவர்கள் வாதம்.

உலகம் யாரை நம்பும்? கேம்பிரிட்ஜையா, கிண்டியையா? நமக்கே தெரியும்.

நேர்மையாச் சொல்லணும்னா அந்த விமர்சனத்தில் சரக்கு இருந்தது. ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் கடைசியில் நின்றது அவர்கள் கணக்குதான். 1994-ல் கொல்லாஜன் மாதிரிப் புரதத்துண்டு ஒன்றின் படிக அமைப்பு துல்லியமாக வெளிவந்தபோது மூணு பிரி முறுக்கும் உறுதியாச்சு, ஒத்தைப் பிணைப்பும் உறுதியாச்சு. ஆக, கயிறு கிண்டியின் சொத்து, அதில் ஒரு முடிச்சு மட்டும் கேம்பிரிட்ஜ் திருத்தியது. நம்ம ஆளுங்க எல்லாமே சரியா சொன்னாங்க, வெள்ளைக்காரன் திருடிட்டான்னு மெயில் ஃபார்வர்டு பண்ற கோஷ்டியில நான் இல்லை.

ஆனா குட்டு வாங்கின பிறகு கிண்டியில் என்ன செய்தார்கள் என்பதுதான் கதை.

பட்டா எது, புறம்போக்கு எது

"அணு நெருங்கக் கூடாத அளவு"ன்னு சொல்றீங்களே, அந்த அளவு எவ்வளவு? யார் சொன்னது? எதை வச்சு? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் வெளியான படிக அமைப்புகளை எல்லாம் புரட்டி, எந்த அணுவும் எந்த அணுவும் உண்மையில் எவ்வளவு தூரம் வரை நெருங்கி நிற்கின்றன என்று அளந்து பட்டியல் போட வேண்டும். பாத்திரம் கழுவுற மாதிரி வேலை. கைதட்டல் கிடையாது. அந்த வேலையில் உட்கார்ந்தவர் வி. சசிசேகரன். அடுத்து வந்து சேர்ந்தவர் சி. ராமகிருஷ்ணன்.

புரத இழையை இப்படி நினைச்சுக்குங்க. சீட்டுக்கட்டுச் சீட்டுகளை மூலைக்கு மூலை கோர்த்து ஒரு மாலை. சீட்டு வளையாது, தட்டையாவே இருக்கும். கோர்த்த மூலையில் மட்டும்தான் திரும்பலாம். ஒவ்வொரு மூலையிலும் ரெண்டு திருப்பம். அந்த ரெண்டு கோணத்துக்கும் ஃபை, சை என்று பேர். ரெண்டையும் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது, திருப்பினா ஒரு சீட்டு இன்னொண்ணுமேல இடிக்கும். எந்த ஃபைக்கு எந்த சை இடிக்காது? ஒவ்வொரு ஜோடிக் கோணத்துக்கும் எல்லா அணுக்களின் தூரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வீடு வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இது புரியாது. மேசைமேல் வைக்கிற கணக்குப் பொறியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் போட்டு எடுத்த கணக்கு அது. பேங்க்ல வருஷக் கடைசியில வட்டிக்கணக்கு கையால போட்டவங்களைக் கேட்டா அந்த வலி தெரியும். ஒரு எண் தப்பினா திரும்ப முதல்லேர்ந்து.

சசிசேகரன் எழுதிய கட்டுரை கொல்லாஜன் பற்றிய ஒரு தொகுப்பில் 1962-ல் வந்தது. 1963-ல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேர் பேரில் 'ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி'யில் வந்தது அந்தக் கட்டுரை. அஞ்சே பக்கம். ஒரு சதுரம், குறுக்கே ஃபை, நெடுக்கே சை, நடுவில் சில தீவுகள். தீவுக்குள்ள இருந்தா இழை இருக்கலாம், வெளியே இடிக்கும். நம்ம ஊர் பாஷையில சொன்னா, அணுக்களுக்கு எது பட்டா நிலம், எது புறம்போக்குன்னு போட்ட கிராம வரைபடம். சதுரத்துல பெரும்பகுதி புறம்போக்குதான்!

1960-ஐ ஒட்டி கேம்பிரிட்ஜில் கெண்ட்ரூ முதன்முதலாக ஒரு முழுப் புரதத்தின் அமைப்பை வெளிக்கொண்டு வந்திருந்தார், மயோகுளோபின். அதன் கோணங்களை எடுத்து இந்தச் சதுரத்தில் குறித்தபோது பெரும்பாலான புள்ளிகள் போய் விழுந்தது பட்டா நிலத்துக்குள்தான்.

அன்றிலிருந்து இன்று வரை உலகில் எந்த மூலையில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் இந்தச் சதுரத்தில் வைத்துப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. ராமச்சந்திரன் சென்னைக்கு வந்த அதே 1952-ல் கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 2009-ல் ரைபோசோம் அமைப்புக்காக நோபல் வாங்கினார். ரைபோசோம்தான் இந்தப் புரத இழைகளைப் பின்னுகிற தறி. அந்தத் துறை மொத்தமும் இந்தச் சதுரத்தை அளவுகோலாக வைத்திருக்கிற துறை. கம்ப்யூட்டரே புரத வடிவத்தைச் சொல்லிவிடும் காலம் வந்து, 2024-ல் அதற்கும் நோபல் கொடுத்தாச்சு. கம்ப்யூட்டர் சொன்ன வடிவத்தையும் இந்தச் சதுரத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

குட்டு வாங்கின இடத்துல அழுதுக்கிட்டு நிக்காம, அல்லது சண்டை போட்டுக்கிட்டு நிக்காம, "அளவு என்னன்னு நாமளே அளந்துடுவோம்"னு உக்காந்த லேப் அது. உலகத்துக்கே அளவுகோல் அங்கேர்ந்து போச்சு.

பேர் யாருக்கு?

அந்தச் சதுரத்துக்கு உலகம் வைத்த பேர் ராமச்சந்திரன் வரைபடம். ஒரு பேர். கட்டுரையில் மூணு பேர்.

இதில் ராமச்சந்திரனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுரையில் எல்லார் பேரும் இருக்கு, பேர் வைத்தது உலகம். அவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. 1970-ல் சென்னையை விட்டுப் போனார். பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உண்டாக்கினார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் பிறகு அங்கேதான் வேலை பார்த்தார்கள். 1971-ல் ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ராமச்சந்திரன் எழுதிய ஒரு கட்டுரை, எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கட்டி எழுப்பும் கணக்கு. இன்றைக்கு ஸ்கேன் எடுக்கப் போறோமே, அந்த சி.டி. ஸ்கேனுக்குள்ள ஓடுற கணக்கு வகையைச் சேர்ந்தது. 2001-ல் சென்னையில் காலமானார்.

கர்த்தா அமெரிக்கா போனார். 1967-ல் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க்கில் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோரோடு சேர்ந்து ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் அமைப்பை வெளியிட்டார். அமெரிக்காவில் முதன்முதலாக அமைப்பு கண்ட புரதம் அதுதான். கிண்டியில் கங்காரு வாலைப் படம் பிடித்த கை! 1984-ல் மறைந்தார். கிண்டியிலேயே சி. எம். வெங்கடாசலம் என்ற மாணவர், புரத இழை எந்தெந்த விதத்தில் கொண்டை ஊசி மாதிரி திரும்பலாம் என்று கணக்குப் போட்டு 1968-ல் வெளியிட்டார். பீட்டா திருப்பம் என்று இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தைப் படிக்கிற எத்தனை பேருக்கு அது கிண்டிச் சரக்குன்னு தெரியும்?

பேர் விஷயத்தில் தஞ்சாவூர்க்காரனுக்கு இன்னொண்ணு ஞாபகம் வராமல் இருக்காது. மிருதங்கம். பலாக்கட்டை, மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார். அந்தத் தோல் அத்தனையும் என்ன? நம்ம மூணு பிரி கொல்லாஜன்தான். எவ்வளவு இழுத்துக் கட்டினா எந்த நாதம் வரும்னு கையாலயும் காதாலயும் அளந்தவங்க தஞ்சாவூரில் இருந்தார்கள். பாலக்காடு மணி ஐயர் பேர் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மிருதங்கம் செஞ்சு கொடுத்த பர்லாந்து பேர்? 2020-ல் டி. எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிய பிறகுதான் எங்க தெருவுலயே அந்தப் பேரை உச்சரிக்கக் கேட்டேன். அங்கே பேர் மறந்துபோனதுக்குப் பின்னால சாதி இருக்கு. லேப் கட்டுரையில நாலாவது பேரா வர்றதும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரலை, சொன்னா அது அநியாயம். ஆனா தோலை இழுத்துப் பிடிச்ச கையை நாம பாக்கிறதில்லை என்ற பழக்கம் ரெண்டு இடத்துலயும் இருக்கு.

திண்ணையில

இதையெல்லாம் அன்னிக்கு ராத்திரி சொல்லி முடிச்சதும் அக்கா பொண்ணு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டா:

"ஆக, நாலாவது பேரா இருந்தாலும் பரவாயில்லை, வேலையைப் பாருங்கிறீங்க. அதானே மாமா?"

"அப்படிச் சொல்லலைடி. பேருக்குச் சண்டை போடு. காசுக்கும் போடு, நாலு மாசம் சம்பளம் இல்லாம என் பேங்க்ல ஒருத்தனும் உக்காந்திருக்க மாட்டான். நான் சொல்றது வேற. உன் பாட்டில்ல வர்ற கொல்லாஜன் எப்படி முறுக்கியிருக்குன்னு கண்டுபிடிச்சது இங்கேர்ந்து முன்னூறு சொச்சம் கிலோமீட்டர்ல, உன்னை மாதிரி பசங்க. அவங்க பேரு உனக்குத் தெரியுமா?"

யோசிச்சா. "ராமச்சந்திரன் ப்ளாட் தெரியும். மத்தது தெரியாது மாமா."

"பாத்தியா? நீயே படிக்கலை. அப்புறம் உன் பேரை யாரு படிப்பா?"

சுருக்குனு பட்டுடுச்சு போல. எழுந்து உள்ளே போயிட்டா. ரொம்பப் பேசிட்டமோன்னு எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

காலையில கொல்லைப்பக்கம் போனப்ப மாட்டுக் கொட்டகையில நின்னுக்கிட்டிருந்தா. மாடு வித்து வருஷமாச்சு. இப்ப மிஷின் அறுப்பு, வைக்கோலை அங்கேயே உருளை உருளையா கட்டி லாரியில ஏத்திடுறாங்க, வைக்கோப்பிரி திரிக்கவும் ஆளில்லை. ஆணியில மட்டும் அப்பா திரிச்ச பழைய கயிறு ஒண்ணு தொங்கிக்கிட்டிருக்கு. அதைக் கையில வச்சுக்கிட்டு நுனியைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா.

"மாமா, நிஜமாவே எதிர்ப்பக்கம்தான் முறுக்கியிருக்கார் தாத்தா."

நுனியை மொபைல்ல போட்டோ எடுத்துக்கிட்டா. ஊருக்குக் கிளம்பும்போது கயிறுலயும் ஒரு முழம் வெட்டிக் கேட்டா. கொடுத்தேன். போன வாரம் போன் பண்ணினப்ப, உதவித்தொகை ரெண்டு மாசத்துக்கு வந்துடுச்சு, மிச்சம் இன்னும் வரலைன்னா. கட்டுரையில அவ பேரு இப்போ மூணாவதாம். எப்படின்னு கேட்டேன். "போய்க் கேட்டேன் மாமா. என் அளவுக் கணக்கு நோட்டு எல்லாத்தையும் எடுத்து வச்சுக் கேட்டேன்."

கயிறு லேப்ல அவ மேசைக்கு மேல தொங்குதாம்.

டிஸ்கி: உங்க ஊர்ல இன்னமும் கையால கயிறு திரிக்கிற பெருசு யாராவது இருந்தா, எந்தப் பக்கம் முறுக்குறார்னு பாத்துப் பின்னூட்டத்துல சொல்லுங்க. அவர் பேரையும் சேர்த்துச் சொல்லணும், அது முக்கியம் :-)